உறைந்து வந்த பன்றியும் ஒரு டிரம் கங்கும்

சிமென்ட் பிளாக் குழியில் கங்கு போட்டுச் சுட்ட முழுப் பன்றி வெந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டு, வீட்டுக்கும் கட்டிக்கொண்டு போனார்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அனுப்பிய குளியல்தொட்டிப் படத்தைப் பார்த்தவர்கள் இன்னும் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். இரண்டு வாரத்துக்கு முன்பே முன்பணம் கொடுத்து, உறையவைக்காத பன்றிதான் வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி உறுதிப்படுத்திய பிறகு, போய் வாங்கினால் 85 பவுண்டும் ஐஸ். தட்டினால் டங்கென்று சத்தம். கவுன்டரில் இருந்தவர் "ராத்திரி வெளியே வையுங்கள், சரியாகிவிடும்" என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வைத்தால் மேல்கறி கெட ஆரம்பித்திருக்கும், தொடைக்குள்ளே ஐஸ் அப்படியே இருக்கும். வட கரோலினாவில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவிலேயே பன்றி அதிகம் வளர்க்கும் மாநிலங்களில் ஒன்றில் இருந்துகொண்டு, ஒரு பன்றியைப் பச்சையாக வாங்க முடியவில்லை என்றால் யாரிடம் போய் அழுவது? கடை பெயர் வேண்டாம், விடுங்கள்.

கணக்குப் போட்டால் இன்னும் வயிற்றெரிச்சல். ஃபிரிட்ஜில் வைத்து இளக்குவதென்றால் 4, 5 பவுண்டுக்கு ஒரு நாள், அதாவது அரை மாதத்துக்கு மேல். பச்சைத் தண்ணீரில் என்றால் பவுண்டுக்கு அரை மணி நேரம், 85 பவுண்டுக்கு நாற்பத்திரண்டரை மணி. எங்களிடம் இருந்தது ஒரு ராத்திரி. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் கெட்டியான ஒரே துண்டுக் கறிக்குத்தான். பன்றிக்கு வயிறு வெட்டித் திறந்திருக்கிறது, தண்ணீர் உள்ளேயும் வெளியேயும் படும், விலாப் பக்கம் சீக்கிரமே இளகும். அந்தத் தைரியத்தில் நண்பன் வீட்டுக் குளியல்தொட்டியில் இறக்கிவிட்டோம். தண்ணீர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாதபடி ஐஸ் மூட்டை போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றி, முறை போட்டு விழித்திருந்தோம். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டார். மறுநாள் பிளீச் பாட்டிலை மட்டும் எங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

விடியும் நேரத்துக்கு முதுகெலும்பு கைக்கோடாரிக்கு இடம் கொடுத்தது. உள்பக்கமிருந்து கோடாரியை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பிளந்து விரித்தோம். தோல் கிழியாமல் செய்தாக வேண்டும், பிறகு அந்தத் தோல்தான் சாறு தேங்கும் பாத்திரம். பின்தொடை இரண்டும் மட்டும் உள்ளே இன்னும் கெட்டி. ராத்திரி மூன்று மணிக்கு ஏற்ற வேண்டிய பன்றி காலை ஏழுக்கு மேல்தான் ஏறியது.

குழி எப்படிக் கட்டினோம் என்பதை விரிவாக எழுதவில்லை. வழக்கமான சிமென்ட் பிளாக் அடுக்கு, சாந்து கிடையாது, கங்கு தள்ளுவதற்கு இரண்டு கடைசியிலும் ஒரு பிளாக்கை உருவிக்கொள்ளலாம். பன்றியைக் கிடத்தும் வலை மட்டும் கால்வனைஸ்டு, அதாவது துத்தநாகப் பூச்சு, இல்லாத எக்ஸ்பேண்டட் மெட்டல் (தகட்டைக் கீறி இழுத்து வலையாக்கியது), துத்தநாகப் புகையைக் கறியோடு சேர்த்துத் தின்ன யாருக்கும் ஆசையில்லை. மூடிக்கு, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து அலுமினியத் தாள் சுற்றியது. நண்பன் வீடு சாத்தம் கவுன்டியில், இரண்டு ஏக்கர், காலனிச் சங்கம் என்று யாரும் கிடையாது. கேரி நகரத்தில் என் வீட்டுப் பின்புறத்தில் இதைச் செய்திருந்தால் முதல் புகைக்கே நோட்டீஸ் வந்திருக்கும்.

நான் எழுத வந்தது டிரம்மைப் பற்றி. எல்லாரும் குழியைப் படம் எடுக்கிறார்கள், பன்றியைப் படம் எடுக்கிறார்கள், பக்கத்தில் கருகிப்போய் நிற்கும் டிரம்மை யாரும் கண்டுகொள்வதில்லை. இந்தச் சமையலே அங்கேதான் நடக்கிறது. 55 கேலன் டிரம், பெயின்ட் முழுக்க எரித்து எடுத்தது. அடியிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் ஓட்டை போட்டு முறுக்குக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருக வேண்டும். விறகு கம்பிக்கு மேலே எரியும், கங்கு கீழே விழும், கீழே வெட்டிய வாயிலிருந்து ஷவலில் அள்ளலாம். கேட்க எளிது. கம்பிகளுக்கு இடைவெளி கூடினால் பாதி எரிந்த கட்டை கீழே விழுந்து புகையும், அந்தப் புகை கறியில் கசப்பாக ஏறும். இடைவெளி குறைந்தால் கங்கு மேலேயே தங்கிச் சாம்பலாகிவிடும். எங்களுக்கு நாலு அங்குலம் ஒத்துவந்தது, அதுவும் விறகை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்துகொண்டால்தான். ஓக்கும் ஹிக்கரியும் கலந்து போட்டோம், இரண்டும் நன்றாகக் காய்ந்தவை. பைன் இங்கே தெருவெல்லாம் கிடக்கிறது, ஆனால் பிசின் புகை, கிட்டே விடக் கூடாது.

இன்னொன்று, கங்கு வேண்டும் என்று தோன்றும்போது டிரம்மில் விறகு போட்டால் அது காலம் கடந்த வேலை. போட்ட கட்டை உதிர முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் குழி 250லிருந்து 180க்கு இறங்கியிருக்கும். ஆகவே குழி சூடாக இருக்கும்போதே அடுத்த விறகைப் போட்டுவிட வேண்டும். இதற்கென்றே ஒருவரை நிறுத்தி, வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள், முக்கியமாக பீர் எடுத்துவர அனுப்பாதீர்கள்.

அள்ளிய கங்கை எங்கே கொட்டுவது என்பதில்தான் உறைந்த பன்றி எங்களைப் பாடாய்ப் படுத்தியது. வழக்கமாக நாலு மூலையிலும், அதாவது முன்தொடைக்கும் பின்தொடைக்கும் நேர் கீழே, நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. வயிற்றுக் கொழுப்பு நடுவில்தான் சொட்டும், அங்கே கங்கு இருந்தால் தீப்பிடித்துக்கொள்ளும். இந்தத் தடவை பின்தொடைக்குள் செருகிய வெப்பமானி ஊசி 34 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறது, முன்தொடை 70. பார்த்தோம், பின்பக்கத்துக்கு இரண்டு ஷவல், முன்பக்கத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டோம். மதியம் வரை அப்படியே தள்ளினோம். உறைந்த கறியை அப்படியே வேகவைத்தால் ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும் என்பார்கள், எங்களுக்கு அந்த இரண்டு தொடை மட்டும்தான் பாக்கி என்பதால் அவ்வளவு ஆகவில்லை. சாயங்காலம் நாலு தொடையும் 160ஐ ஒட்டி வந்து சேர்ந்து, அங்கேயே நின்றுவிட்டன. கறியின் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் எல்லாருக்கும் வரும் தேக்கம்தான், பதறிக் கங்கை அள்ளிப் போடக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மாநிலத்தின் கிழக்குப் பக்கத்துக்காரர், டிரெய்லரில் இழுத்துப்போகும் கேஸ் அடுப்பு வைத்திருக்கிறார். மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்து, கேஸாக இருந்தால் நீங்கள் தூங்கியிருக்கலாமே என்று நாள் முழுக்கச் சொன்னார். ஆனால் எய்டன் ஊரில் 1947லிருந்து இன்னமும் விறகில் முழுப் பன்றி சுடும் ஸ்கைலைட் இன் உணவகத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு சிலாகிக்கிறார், அப்புறம் என்ன கேஸ்! மேற்கே லெக்சிங்டன் பக்கத்தார் பன்றிக்கறிக்கு ஊற்றும் வினிகர் சாற்றில் கெட்சப் கலப்பதைச் சொன்னேன், கிழக்கத்தியாருக்கு அது ஆகாது, பதிலே சொல்லவில்லை.

திருப்புவது பெரிய கதை இல்லை. மேலே இன்னொரு வலை வைத்துக் கம்பியால் கட்டி, நாலு பேர் வெல்டிங் கையுறையோடு ஒரே மூச்சில் புரட்டினோம். ஒரு முறுக்குக் கம்பி வளைந்தது, பன்றி நழுவவில்லை.

தோல் கீழே வந்த பிறகு வினிகர் சாறு ஊற்றினோம். ஆப்பிள் வினிகர், உப்பு, மிளகு, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை, இடித்த குண்டூர் மிளகாய். தூளாகப் போட்டால் அடியில் சேறாகத் தங்கிவிடும், இடித்ததுதான் சரி. தொடை 195 தொட்டதும் எலும்பு கையோடு வந்தது. எட்டு மணிக்கு மேல்தான் சாப்பாடு, நாலு மணிக்கு என்று சொல்லிக் கூப்பிட்டிருந்தோம். நல்லவேளை, டிரம் கங்கைத் தனியாக எடுத்துச் சைவக்காரர்களுக்குக் கத்தரிக்காய் சுட்டுக் கொத்சு செய்திருந்தோம், எல்லாரும் அதையே தின்று பசியாறினார்கள், சைவக்காரர்களுக்குத்தான் மிஞ்சவில்லை. உதிர்த்த கறியில் ஒரு பங்கை அண்ணி சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மிளகு போட்டுச் சுக்காவாக வறுத்தார், பெரியவர் அதை ரொட்டிக்குள் வைத்துத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தோல்தான் குறை. கங்கு கூடுதலாக வாங்கிய பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியது, முன்பக்கம் இழுத்தால் நீள்கிறது. அதைத் தனியாக வெட்டி வைத்திருக்கிறேன், ஓவனில் திரும்பச் சூடேற்றினால் பொரியுமா என்று பார்க்க வேண்டும். உருக்கிய கொழுப்பு இரண்டு பாட்டில் இருக்கிறது, தலை ஃப்ரீசரில். அடுத்த தடவை 50 பவுண்டுக்கு மேல் போவதில்லை, விவசாயியிடமே நேராக வாங்குவதாக இருக்கிறோம், பெரியவர் ஒருவரைச் சொல்லியிருக்கிறார். அதற்குள் டிரம்முக்கு முக்கால் அங்குலக் கம்பி மாற்ற வேண்டும், இப்போது இருப்பதெல்லாம் தொய்ந்து நடுவில் ஆறு அங்குலம் பிளந்து கிடக்கிறது.