மணியடிச்சான் பாறையில் தீர்த்த நேர்ச்சை

நேர்ச்சை என்னுடையது இல்லை, என் வீட்டுக்காரியுடையது. மகள் கல்யாணம் முடிந்ததும் நாலு பேரும் பஸ்ஸிலேயே வந்து, செருப்பில்லாமல் காற்றாடிமலை ஏறுகிறோம் என்று புனித தேவசகாயத்திடம் சொல்லியிருக்கிறாள். கார் வைத்துக்கொண்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாமே என்றேன். "சொன்னது சொன்னபடி செய்யணுமா வேண்டாமா?" என்று கேட்டாள். அதற்கு மேல் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் இல்லை என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

மருமகன் நம்ம ஆட்கள் இல்லை. கத்தோலிக்கர்தான். அதே பூசை, அதே ஜெபமாலை. ஆனால் எங்கள் பக்கத்தில் "நம்ம ஆட்கள்" என்று சொன்னால் அது ஞானஸ்நானத்தைப் பற்றிய பேச்சு அல்ல என்பது வாசிக்கிற உங்களுக்கும் தெரியும். ஒன்றரை வருஷம் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற எங்கள் அன்பியக் கூட்டத்தில் வாசகம் வாசிப்பது நான்தான். கிறிஸ்துவில் யூதர் கிரேக்கர் என்ற வேறுபாடு இல்லை என்று கலாத்தியருக்கு பவுல் எழுதிய பகுதியை ஒரு இடம் தடுமாறாமல் வாசித்துவிட்டு வந்து, அன்று ராத்திரியே மாப்பிள்ளை வீட்டார் என்ன ஆட்கள் என்று அண்ணனோடு ஒரு மணி நேரம் போனில் பேசினவன் நான்.

எப்படிச் சம்மதித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. ஒருநாள் காலைப் பூசை முடிந்து வந்து, "அந்தப் பையன் வீட்டுக்கு ஒருதரம் போயிட்டு வருவோம்" என்றேன். என் வாய்தான் சொன்னது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். முதல் ஞாயிறு மகள் பெயரும் பையன் பெயரும் ஊர்ப் பெயரும் வந்தபோது, முன் பெஞ்சின் கட்டையில் யாரோ கீறி வைத்திருந்த சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறுதான் தலையைத் தூக்கினேன். வைகாசியில் கல்யாணம். அண்ணன் வரவில்லை.

ஆனி மாசம் ஒரு சனிக்கிழமை விடியற்காலை திருநெல்வேலியில் பஸ் ஏறினோம். உட்கார இடம் இல்லை. நாங்குநேரி வரை நின்றே போனேன். காவல்கிணறு விலக்கில் இறங்கி முதலில் வடக்கன்குளம். 1745 மே 14 அன்று, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை உத்தியோகஸ்தராக இருந்த நீலகண்டன் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆன ஊர். லாசர் என்ற பெயரின் தமிழ்தான் தேவசகாயம். திருக்குடும்ப ஆலயத்தில் ஐந்து காரிய ஜெபமாலை சொன்னோம். சொல்லும்போதே என் கண் இடமும் வலமும் சுவரைத் தேடியது. ஒரு காலத்தில் இந்தக் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாக ஜனங்களைப் பிரித்துச் சுவர் நின்றது. அதை இடித்தபோது, உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள், எங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் வழக்காடித் தோற்றார்கள். எல்லோரும் சமம் என்று சொன்னதற்காக உயிரைக் கொடுத்த மனுஷன் தண்ணீர் வாங்கிய ஊரில் அந்தச் சுவர்! சிறுவயதில் எங்கள் தாத்தா இந்த வழக்குக் கதையைச் சொல்லும்போது தோற்றவர்கள் பக்கம் நின்றுதான் சொல்வார். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன்.

ஆரல்வாய்மொழியில் ஒரு ஆட்டோக்காரர் போகவர ஒரே கூலி என்று பேசிக் கூட்டிப்போனார். கீழே வியாகுல மாதா கோயிலில் இறக்கிவிட்டதும் காத்திருப்புக்குத் தனி என்றார். மகள் சண்டைக்குப் போனாள். "நேர்ச்சைக்கு வந்த இடத்தில் வாயை வளர்க்காதே" என்று அவள் அம்மா கொடுத்துவிட்டாள். எனக்கு இன்னும் ஆறவில்லை. பக்தி இருக்கிற இடத்தில்தான் மனுஷனுக்கு இப்படித் துணிச்சல் வருகிறது.

மலை பெரிய மலை இல்லை. செருப்போடு ஏறுகிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. நாங்கள் மேலே போனபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. ஆனிக் காற்று ஆளைத் தள்ளியது. அந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தான் அத்தனை காற்றாலைகளை அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள். காற்று உடம்பைத்தான் குளிர்த்தியது, பாறையைக் குளிர்த்தவில்லை. பாதி வழியில் என் உள்ளங்கால் தோசைக்கல்லில் வைத்த மாதிரி ஆகி, ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றேன். என் வீட்டுக்காரி எதுவும் நடக்காதது போல ஜெபமாலையை உருட்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

மருமகன் பின்னால் வந்துகொண்டிருந்தார். கையில் குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில். "மாமா, கொஞ்சம் நில்லுங்க" என்று குனிந்து, பாதி பாட்டிலை என் வலது காலில் ஊற்றினார். மீதியை இடது காலில் ஊற்றினார். தன் கைலேஞ்சியை நனைத்துப் பாறையில் விரித்து, "இது மேல நில்லுங்க, சூடு ஆறட்டும்" என்றார்.

பெரிய வியாழன் அன்று, சேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, எங்கள் பங்குக் கோயிலில் பாதம் கழுவப் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். பல வருஷமாக அதில் ஒன்று எனக்கு. சாமியார் கையில் அழுக்குப் படக்கூடாது என்று வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போய்த்தான் காலை நீட்டுவேன். அன்றைக்கு என் காலில் புழுதி, கொப்புளம், எல்லாம் இருந்தது. அந்தப் பையனின் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்கமாட்டேன் என்று சொன்னவனின் கால்கள்தான் அவை. சேசுவே!

தட்டினால் மணிபோலச் சத்தம் வருகிற மணியடிச்சான் பாறைக்கு முன்னால் ஒரே நெரிசல். ஒரு சுற்றுலாப் பஸ் கூட்டம் எங்களுக்கு முன்னே வந்திருந்தது. பாறையைத் தட்டுகிறவரைவிட அதைச் செல்போனில் எடுக்கிறவர்கள் அதிகம். "இன்னொரு தடவை தட்டுங்க, சத்தம் சரியா விழலை" என்று ஒருவர் தன் மனைவியைத் திரும்பத் திரும்பத் தட்டச் சொன்னார். 1752 ஜனவரி 14 அன்று ஒரு மனுஷனைச் சுட்டுத் தள்ளிய இடம் இது. எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்து, அடித்த காயத்தில் மிளகுப்பொடி பூசி, மூன்று வருஷம் வதைத்துக் கடைசியில் இங்கே கொண்டுவந்தார்கள். அவர் சாகும்போது மேலிருந்து உருண்டு விழுந்த பாறை இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். என் முறை வந்ததும் ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தட்டினேன். கல்லில் கல் பட்டால் வருகிற சத்தம் இல்லை. வெண்கலம்தான். காற்று அதை உடனே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நான் மறுபடி தட்டவில்லை.

மெழுகுவர்த்தி எங்கே நிற்கிறது அந்தக் காற்றில்! நாலு பேரும் சுற்றி நின்று கையால் மறைத்தோம். தீப்பெட்டியில் பாதி காலி. மருமகன் தன் சட்டையை விரித்துப் பிடித்த மறைவில் ஒரு திரி பிடித்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே என் வீட்டுக்காரி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஏங்க, நான் கல்யாணத்துக்காக நேரலை. கல்யாணம் எப்படியும் நடந்திருக்கும், ரிஜிஸ்தர் ஆபீஸ்ல போய் முடிச்சிருப்பாங்க. நீங்க அங்க வந்து நிக்கணும்னுதான் நேர்ந்தேன்."

எனக்குப் பதில் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு காற்று, தூசி என்று ஏதோ சொன்னேன். அவள் நம்பினாளோ என்னவோ, அதற்குமேல் பேசவில்லை.

அங்கிருந்து கோட்டாறு. புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறைக்கும் போகவேண்டும் என்று மகளுக்கு ஆசை, நேரம் இல்லை. சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறைக்கு முன்னால் முழங்காலில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் கொடுத்தபோது கார்மல் பள்ளி மைதானத்துக் கூட்டத்தில் நானும் நின்றவன்தான். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்ததை டிவியில் பார்த்துக் கைதட்டியவன்தான். ஆனால் 2020-ல் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை ரோமாபுரி எடுத்துவிட்டது என்று செய்தி வந்தபோது, "பேர்ல என்ன இருக்கு, இதையெல்லாமா கிளறுவாங்க" என்று முணுமுணுத்ததும் நான்தான். பேரில் ஒன்றும் இல்லை என்றால் எனக்கு ஏன் வலித்தது? அதைத்தான் கல்லறை முன்னால் கேட்டுக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் குனிந்தேன். வாயில் வந்ததெல்லாம் நன்றி, நன்றி, நன்றி. என் மகளுக்கு நன்றி, ஒன்றரை வருஷம் என்னை என் போக்கில் விட்டுவிட்டுத் தனக்குள் நேர்ந்துகொண்டு காத்திருந்த என் வீட்டுக்காரிக்கு நன்றி, காலில் ஊற்றிய தண்ணீருக்கு நன்றி. என்ன வரிசையில் சொன்னேன் என்று தெரியாது.

வெளியே கடையில் ஒரு சின்னப் படம் கேட்டேன். எடுத்துக் கொடுத்ததில் கீழே பழைய பெயர் அப்படியே அச்சாகியிருந்தது. சாதிப் பட்டம் இல்லாத படம் வேண்டும் என்றேன். "எல்லாம் ஒரே புனிதர்தான சார்" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். அடுக்கைக் கலைத்துத் தேடி எடுத்தார். இரண்டு வாங்கினேன்.

ஒன்று எங்கள் வீட்டு பீடத்தில் இருக்கிறது. இன்னொன்று அண்ணனுக்கு. வந்த அன்று ராத்திரியே போன் போட்டேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கவில்லை. படம் பைக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த வாரம் பூசை முடிந்து நேரில் கொண்டுபோவதாக இருக்கிறேன். மருமகன் வண்டி எடுக்கிறேன் என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.