மிளகாய் இலையில் தெரிந்த பிழை

கணினித் திரையில் டி.என்.ஏ. எழுத்து வரிசையாக மட்டுமே நான் அறிந்திருந்த, நெல்லில் இலைக்கருகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியாவை முதன்முதலாகக் கண்ணால் கண்டது, கோபிசெட்டிபாளையம் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்து நெல்வயல் ஒன்றில்தான். விளிம்போரமாக வைக்கோல் நிறத்தில் கருகியிருந்த இலையை, பச்சையும் கருகலும் சேரும் இடத்தில் நறுக்கிக் கண்ணாடித் தம்ளர் நீரில் நிறுத்தினோம்; சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கசிவு நூலாக இறங்கியது. வயல்காரப் பெரியவர், "ஏனுங்க அம்மிணி, கண்ணுக்குத் தெரியாத கிருமியா இத்தனை பயிரையும் திங்குது?" என்றார். பயிரைக் கொண்டே தனக்குச் சோறு போட வைக்கிறதுங்க ஐயா என்றேன். அது வெறும் உவமை அன்று. இந்தப் பாக்டீரியா, மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்னும் ஊசி போன்ற குழாய் வழியாகத் தன் புரதங்களை நெல்லின் செல்லுக்குள் செலுத்துகிறது. எஃபெக்டர்கள் எனப்படும் அவற்றுள் பி.டி.எச்.எக்ஸ்.ஓ.1 என்பது உட்கருவுக்குள் போய் ஸ்வீட்11 என்ற மரபணுவை முடுக்கிவிட, செல்லிலிருந்து சர்க்கரை வெளியேறிக் கிருமிக்கு உணவாகிறது.

இப்படி உட்கருவுக்குள் போய் மரபணுவை முடுக்கும் வகை எஃபெக்டர்களைக் கண்டுபிடிப்பது எளிது. முப்பத்து நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு துண்டின் 12, 13ஆம் இடங்களும் டி.என்.ஏ.வின் எந்த எழுத்தில் அது அமரும் என்பதைச் சொல்லிவிடும். இக்குறியீடு 2009இல் அவிழ்க்கப்பட்டது. மற்ற எஃபெக்டர்களுக்கு அப்படிப் பொதுவான வரிசை எதுவும் கிடையாது. குழாய்க்குள் நுழைய அனுமதிக்கும் அடையாளம் புரதத்தின் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. அங்கே செரின் என்ற அமினோ அமிலம் மிகுந்தும் லூசின் என்ற அமினோ அமிலம் குறைந்தும் காணப்படும் என்ற போக்கு மட்டுமே நமக்குப் பிடி. கோவையில் நான் பணியாற்றிய குழு இந்தப் போக்கைக் கற்கும் இயந்திரக் கற்றல் மாதிரி ஒன்றை உருவாக்கியது. சோதனைத் தரவில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் பிழை வரவில்லை என்றதும், எஃபெக்டர்கள் என மாதிரி கணித்த புரதங்களின் பட்டியலைச் சரிபார்க்க ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அங்கே என் இளைய தோழி ஒவ்வொரு புரதத்தின் தொடக்கப் பகுதியையும் வெட்டியெடுத்து, சொந்த நுழைவு அடையாளம் நீக்கப்பட்ட ஏ.வி.ஆர்.பி.எஸ்.1 என்னும் எஃபெக்டர் புரதத்தோடு இணைத்து, அதைத் தாங்கிய பாக்டீரியாவை ஊசி மாட்டாத சிரிஞ்சால் மிளகாய் இலையின் அடிப்புறத்தில் அழுத்திச் செலுத்தினாள். புரதம் உள்ளே போயிருந்தால், அதை அடையாளம் காணும் மரபணு கொண்ட அந்த மிளகாய்ச் செடியில் செலுத்திய இடம் பழுப்பேறிச் செத்துவிடும். வாரக்கணக்கில் அவளிடமிருந்து ஒரே செய்திதான் வந்தது: "அக்கா, இன்னைக்கும் பச்சையாத்தானுங்க இருக்குது."

பிழை என்னுடையது. பாக்டீரியாவில் ஏறத்தாழ 4,500 புரதங்கள் இருக்க, எஃபெக்டர்கள் சில பத்துகளே. நூற்றுக்கு இரண்டு பிழை என்றாலே தொண்ணூறு புரதங்கள் தவறாகப் பட்டியலில் ஏறி, உண்மையானவற்றை மூழ்கடித்துவிடும். அதைவிடப் பெரிய தவறு, ஒரே குடும்பத்து எஃபெக்டர்கள் பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் பிரிந்து கிடந்தது. மாதிரி நுழைவு அடையாளத்தைக் கற்கவில்லை, பங்காளிகளின் முகச்சாயலைத்தான் மனப்பாடம் செய்திருந்தது. என் ஒரு நாள் கவனக்குறைவுக்கு இன்னொருத்தியின் பல வார உழைப்பு விலையானது இன்றும் எனக்கு வலிக்கிறது.

பிறகு குடும்பம் குடும்பமாகப் பிரித்து, ஒரு குடும்பத்தை முழுவதுமாக மறைத்துவைத்துச் சோதித்தோம். மரபணுவுக்கு முன்னால் டி.டி.சி.ஜி. என்ற டி.என்.ஏ. எழுத்துகளில் தொடங்கும் இரு ஐந்தெழுத்துத் துண்டுகள் 15 எழுத்து இடைவெளியில் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்த்தோம். தொற்றின்போது எஃபெக்டர் மரபணுக்கள் பலவற்றை இயக்கும் கட்டுப்பாட்டுப் புரதம் அமரும் இடம் அது. மாதிரியின் துல்லிய எண் வெகுவாக இறங்கியது, பட்டியலும் சுருங்கியது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் தோழி கைப்பேசியில் படம் அனுப்பினாள். மிளகாய் இலையின் நடுநரம்புக்கு இடப்புறம், கால் ரூபாய்க் காசளவில் பழுப்பு வட்டம். அந்தப் புரதம் என் பழைய பட்டியலிலும் இருந்தது, கடைசிப் பக்கத்தில்.