உதுகள் ஏன் இன்னும் பங்கருக்குள்ள போகேல்லை?

பத்து நிமிசக் கார்ட்டூன் படம் ஒண்டு, பேர் 'த பிக் ஸ்னிட்', 1985 இல கனடா நஷனல் ஃபிலிம் போர்டுக்காக ரிச்சர்ட் கொண்டி எண்டவர் கீறிச் செய்தது. கதை எண்டு பெருசா ஒண்டுமில்லை. ஒரு புருசனும் பெண்சாதியும் வீட்டுக்குள்ள இருந்து, எழுத்துக் கட்டையளை அடுக்கிச் சொல்லாக்கிற ஸ்கிரபிள் விளையாடினம், மனுசன்ர கையில இருக்கிற எழுத்து முழுக்க இங்கிலீஸ் 'E' தான், அதால ஒண்டும் வைக்க ஏலாமல் கட்டையளையே முழிசிப் பாத்துக்கொண்டிருக்கிறார், மனுசிக்கு விசர் ஏறுது. அந்த மனுசிக்கு ஒரு பழக்கம், தன்ர கண்ணைப் பிடிச்சுக் குலுக்கிறது. மனுசனுக்கு மரம் அரியிற வாள் எடுத்து வீட்டுத் தளபாடங்களை அரியிற விசர். ரீவியில அவர் பாக்கிற நிகழ்ச்சியும் வாளால அரியிறதைப் பற்றித்தான், பூனை ஒரு பக்கத்தில ரீவி வயரைச் சப்பிக்கொண்டிருக்கு.

இதுக்குள்ள வெளியில அணுகுண்டுச் சண்டை துவங்கிட்டுது. சனம் தெருவில விழுந்தடிச்சு ஓடுது. இவை ரெண்டு பேருக்கும் அது ஒண்டும் தெரியாது, நீ என்ர எழுத்தை எட்டிப் பாத்தனி எண்டு அதுக்குத்தான் சண்டை.

போன கிழமை அக்கான்ர பெடியள் கிளிநொச்சிக்கு வந்து நிக்கேக்க லப்டொப்பில போட்டுக் காட்டினன், அம்மாவும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்திட்டா. தெருவில சனம் ஓடுறதைக் கண்டவுடன அவ கேட்டது, "உதுகள் ஏன் இன்னும் பங்கருக்குள்ள போகேல்லை?"

பெடியளுக்கு அது பகிடி, உருண்டு உருண்டு சிரிச்சாங்கள். அம்மா பகிடிக்குக் கேக்கேல்லை. ஆனா பேந்து அவவும் சிரிச்சா, மனுசி கத்துற கட்டத்தில கண்ணால தண்ணி வரச் சிரிச்சா, ஏனெண்டு எனக்குத் தெரியும். 2009 மாசி பங்குனி அளவில, கடைசிச் சண்டை நேரம், நாங்கள் புதுமாத்தளன் பக்கம், மண்மூட்டைக்குச் சாக்கு இல்லை, எல்லாரும் சீலையை வெட்டித் தைச்சுத்தான் மண் நிரப்பினது, அப்பா அவசரத்தில அம்மான்ர கூறைச்சீலையை வெட்டிப்போட்டார். செல் விழுந்துகொண்டிருக்கு, இவை ரெண்டு பேரும் பங்கருக்குள்ள இருந்து அந்தச் சீலைக்குச் சண்டை. ஏன் கேக்காமல் வெட்டினனீங்கள், வேற சீலை இல்லையோ, அந்தப் பச்சையை வெட்டியிருக்கலாம்தானே. பக்கத்து பங்கரில இருந்த மாமி வந்து விலக்குப்பிடிச்சவ எண்டால் பாருங்கோ.

யுத்தத்தைப் பற்றி எவ்வளவோ படம் வந்திட்டுது, எங்களைப் பற்றியும் ஆர் ஆரோ எடுக்கினம், அதில எல்லாம் சனம் அழுதுகொண்டே இருக்கும். சாகப்போற நேரத்திலயும் மனுசர் சில்லறை விசயத்துக்குப் பிடுங்குப்படுவினம், 304 எண்ட சீட்டு விளையாட்டில கள்ளம் செய்தனி எண்டு அடிபடுவினம், அதை நான் ஒழுங்காப் பாத்தது இந்தக் கார்ட்டூனிலதான். கடைசியில ரெண்டு பேரும் சமாதானமாகி, கதவைத் திறந்தால் வெளியில சொர்க்கம் மாதிரிக் கிடக்கு, என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் அவைக்குச் சொல்லேல்லை, திரும்பப் போய் மிச்ச விளையாட்டை விளையாடினம். இதுக்கு ஒஸ்காருக்குப் பரிந்துரை கிடைச்சது, பரிசு கிடைக்கேல்லை.

ஒஸ்கார் பரிசே எடுத்த வேறொரு படம் நோர்மன் மக்லாரன்ர 'நெய்பர்ஸ்', 1952, அதுவும் ஃபிலிம் போர்ட்தான். ரெண்டு அயலவர், எல்லையில ஒரு பூ பூக்குது, ஆற்ற பூ எண்டு சண்டை, வேலி போடினம், வேலிக்கட்டையைப் பிடுங்கியே அடிபடினம். எங்கட ஊர் ஆக்களுக்கு இதுக்கு விளக்கம் தேவையில்லை, ஒரு சாண் உள்ளுக்கு நட்ட வேலிக் கதியாலுக்கு கோடு கச்சேரி ஏறின குடும்பங்கள் எத்தினை. கீறின படம் இல்லை இது, உண்மையான மனுசரை நிப்பாட்டி நிப்பாட்டி ஒவ்வொரு ஃபிரேமா எடுத்தது, துள்ளேக்க துள்ளேக்க எடுத்து ஒட்டினபடியால் ஆள் அந்தரத்தில மிதக்கிற மாதிரி இருக்கும். சத்தத்தையும் ஃபிலிம்ர ஓரத்தில நேரடியா உண்டாக்கினவர். பெண்சாதி பிள்ளையளையும் அடிச்சுக் கொல்லுற கட்டத்தை முதல் வெட்டிப்போட்டு, வியட்நாம் யுத்த நேரம் திரும்பச் சேர்த்தவை. ஒஸ்கார் குடுத்தது ஆவணப்படம் எண்ட பிரிவில, அது என்ன கணக்கோ. எனக்குப் பிடிக்காதது முடிவு, ரெண்டு புதைகுழிக்கும் மேல ஒவ்வொரு பூ வந்து நிக்குதே, அதோட விட்டிருக்கலாம், அதுக்குப் பிறகு அயலவரை நேசி எண்டு பல பாசையில எழுதிக் காட்டுறது தேவையில்லாத வேலை.

பெடியளுக்குப் பிடிச்சது ஒண்டரை நிமிசப் படம், 'பாம்பி மீற்ஸ் கொட்சிலா', 1969, மார்வ் நியூலண்ட் படிக்கிற காலத்தில செய்தது. மான்குட்டி புல்லு மேயுது, பேர் ஓடுது, எல்லா வேலைக்கும் அவற்ற பேர்தான், பிறகு ஒரு கால் வருது. அவ்வளவுதான். அதைத் திரும்பத் திரும்பப் போடச்சொல்லி என்ர டேட்டாவை முடிச்சாங்கள். யூரி நோர்ஸ்டைன்ர 'ஹெட்ஜ்ஹொக் இன் த ஃபொக்', 1975, போட்டவுடன சின்னவன் நித்திரை. எனக்கெண்டால் அதுதான் இதுகளுக்குள்ள வடிவு, மெல்லிய கடதாசியை கமராப் பக்கமா மெல்ல மெல்லத் தூக்கித்தான் அந்தப் புகாரைக் கொண்டுவந்தவை, தை மாதம் விடிய இரணைமடுக் குளக்கட்டில நிண்டு பாத்த ஆக்களுக்கு அது எவ்வளவு சரியெண்டு விளங்கும்.

முந்தி இதுகள் எங்களிட்ட வந்திருக்கவே ஏலாது. கரண்ட் இல்லாத காலம், ஜெனறேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, எண்ணெய்க்குக் காசு சேத்து படம் போட்டால் மூண்டு மணித்தியாலப் படம் ரெண்டாவது ஓடவேணும், ஒண்டரை நிமிசம் மான் மேயிறதைப் போட்டவனை உயிரோட விட்டிருப்பினமோ. இப்ப ஃபிலிம் போர்ட் தங்கட படங்களை நெற்றில காசில்லாமல் போட்டிருக்கு, முக்கால்வாசி கதை பேச்சே இல்லாமல் விளங்கும்.

அடுத்தது 'த கற் கேம் பக்', 1988, கோர்டெல் பார்க்கர் செய்தது, எங்க கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வாற பூனை. எங்கட வீட்டுக் கோடிக்குள்ள இருக்கிற மூண்டையும் ஆனையிறவுக்கு அங்கால கொண்டுபோய் விடுறதெண்டு அம்மா நிக்கிறா, அதுக்கு முதல் அவவுக்கு இதைக் காட்டிப்போட வேணும்.