பதினொன்றாவது கோப்பு

"பத்து என்று எழுதியது நீங்கள்தானே, பதினொன்றாவதை ஏன் எடுத்தீர்கள்?" என்று, எங்கள் அலுவலகத்தில் கோப்புகளுக்குச் சான்றளிக்கும் அந்த அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுசாக இல்லை.

எங்கள் அமெரிக்கக் கல்லூரியில் முன்னாள் படைவீரர்களுக்கு அரசு தரும் கல்வி உதவியான ஜிஐ பில்லின் கோப்புகளை நாங்களே தணிக்கை செய்வது என்று முடிவானதும், திட்டம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. விதிப்படி நடக்கிறோமா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் சர்வேக்கு ஆள் வரும்போது முழிக்கக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். பருவத்துக்குப் பத்து கோப்பு, எக்செல் பொறுக்கித் தரும். மாணவர் ஒரு பாடத்தை விட்டால் 30 நாளுக்குள் அரசின் முன்னாள் படைவீரர் துறையான விஏவுக்குத் தெரிவித்தோமா, கட்டணம் கல்லூரிக் கணக்கோடு ஒத்துப்போகிறதா, சான்றளித்த ஒவ்வொரு பாடமும் அவர் படிக்கும் பட்டத்துக்குத் தேவையானதா என்று பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விதான் வில்லங்கம். பட்டத்தில் சேராத பாடத்துக்கு ஜிஐ பில்லில் பணம் கிடையாது.

பத்தும் சுத்தம். அதுவே எனக்கு உறுத்தியது. அவற்றில் ஒன்று, ஒரே ஒரு பாடம் எடுத்தவருடையது, பார்க்க ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக இன்னொன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்தேன்.

அக்கவுண்டிங்கில் இரண்டாண்டுப் பட்டம், 12 கிரெடிட், முழுநேரம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அம்மாவின் பென்சில் டிக். பட்டத் திட்டத்தின் அச்சுத்தாளைக் கடைசிவரை புரட்டினால், எந்தத் தேவையிலும் சேராத பாடங்களுக்கான கட்டத்தில், மண்பாண்டம் வனையும் வகுப்பு, 3 கிரெடிட். அந்தப் பக்கத்தில் டிக் இல்லை.

மூன்று போனால் ஒன்பது. பன்னிரண்டில் ஒன்பது 75 சதவீதம். ஜிஐ பில்லில் மாணவருக்குத் தரும் வீட்டு வாடகைப் படிக்கு அதைப் பத்தின் மடங்காக்கி 80 என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் பருவம் தொடங்கியதிலிருந்து அந்தப் படியில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போயிருக்கிறது. திருத்தி அனுப்பினால், கூடுதலாகப் போனதைத் திருப்பிக் கேட்கும் கடன் கடிதம் மாணவர் வீட்டுக்குத்தான் போகும். டிக் போட்டவருக்கும் வராது, கண்டுபிடித்த எனக்கும் வராது.

"சர்வேயில் இந்தக் கோப்பு வராமலே போயிருக்கலாம்" என்றார் அம்மா. உண்மைதான். அடுத்த பருவமும் இப்படியே ஓடியிருந்தால் கடன் இன்னும் ஏறியிருக்கும் என்றேன். அதுவும் உண்மைதான். ஆனால் கோப்பை எடுத்தபோது நான் மாணவரின் கடனை நினைத்து எடுக்கவில்லை. பத்தும் சுத்தம் என்று அறிக்கை கொடுத்தால், இந்த ஆள் எதற்கு என்று மேலே கேட்பார்களோ என்ற பயமும் இருந்தது. எவ்வளவு இருந்தது என்று அளந்து சொல்லத் தெரியவில்லை.

திருத்தி அனுப்பினோம். வேறு வழி இருந்ததாக இப்போதும் நான் நினைக்கவில்லை. பார்த்த பிறகு பார்க்காதது மாதிரி இருக்க முடியாது. ஆனால் அறிக்கையில் அதை 'மாற்றுக் கோப்பு' என்று குறிப்பிட்டேன். நான் எழுதிய திட்டத்தில் மாற்றுக் கோப்பு என்று ஒன்றே கிடையாது. அடுத்தவர் டிக்கைத் துருவியவன் எழுதியது அது. யாரும் கேட்கவில்லை.

அந்த மாணவர் கடிதத்தோடு கவுண்டருக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று தயாராக இருந்தேன். தவணையில் கட்டலாமா என்று கேட்டார். கட்டலாம், விஏவின் கடன் பிரிவில் பேசலாம் என்றேன். அப்புறம், அந்த வகுப்பை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், அதற்கு ஜிஐ பில் பணம் வராது, அவ்வளவுதான் என்றேன். "அவ்வளவுதான்" என்று ஏன் சொன்னேனோ.

இந்தப் பருவம் பட்டியல் எடுக்கும் அன்று, அம்மா தன் நாற்காலியிலிருந்தே கேட்டார்: "பத்தா, பதினொன்றா?"

பத்து என்றேன். பத்தும் சுத்தம். ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டேன்.