கத்தி எடுக்கும் முன்: காட்டு மான், காட்டாடு நோய்க் குறிப்புகள்

ஏப்ரல் 4

நீர்த்துறையில் ஒரு பெட்டை மான் செத்துக் கிடக்கிறது. கடித்த தடம் இல்லை, மெலிவும் இல்லை. வயிறு அதற்குள் ஊதிவிட்டது, கால்கள் மட்டும் முழுதாக விறைக்கவில்லை. மூக்கோரம் தார் நிறத்தில் ரத்தம். குச்சி நுனியால் தொட்டால் இழுபடுகிறது, உறையவே இல்லை. இவை சேர்ந்து தெரிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று உறுதியாகும் வரை பிரேதப் பரிசோதனைக் கத்தி பெட்டியிலேயே இருக்கட்டும்.

அடைப்பான் கிருமி ஸ்போராக, அதாவது விதைபோல் உறங்கிக் கிடக்கும் வடிவமாக, மாறக் காற்று வேண்டும். தோல் கிழியாத உடலுக்குள் அது கிடைக்காது. வெயில் காலத்தில், அழுகல் பாக்டீரியாக்களே இரண்டு மூன்று நாளில் அதைத் தீர்த்துக்கட்டிவிடும். அறுத்துப் பார்த்தால் மண்ணில் வடியும் ரத்தத்தில் ஸ்போர் உருவாகி, பல பத்தாண்டுகளுக்கு அங்கேயே உயிரோடு கிடக்கும்.

அதனால் எடுப்பது ஒரு சொட்டு மட்டும். இரட்டைக் கையுறை, முகக்கவசம். காதுச் சிரையில் ஊசி, ஸ்லைடில் மெல்லிய பூச்சு, குத்திய இடத்தில் கிருமிநாசினியில் நனைத்த பஞ்சு. கழுகும் நரியும் வராதபடி உடல் மேல் தார்ப்பாய், ஓரங்களில் கல். அவை வயிற்றைக் கிழித்துவிட்டால் நாம் கத்தியை ஒதுக்கி வைத்ததற்குப் பயனே இல்லாமல் போய்விடும்.

ஏப்ரல் 5

பூச்சைக் காற்றில் உலர்த்தி, ஆல்கஹாலில் ஒரு நிமிடம் வைத்து, பாலிகுரோம் மெத்திலீன் நீலச் சாயம் ஒரு சிறு சொட்டு, இன்னொரு நிமிடம். கழுவிய நீர் சாக்கடைக்குப் போகக் கூடாது, ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசலுக்குள் விழ வேண்டும்.

எண்ணெய் லென்ஸில்: கருநீலக் கம்பிகள், முனை வெட்டிவிட்டாற்போல் சதுரம், இரண்டு மூன்றாகக் கோத்தது போல் சங்கிலி. ஒவ்வொன்றையும் சுற்றி இளஞ்சிவப்பில் ஓர் உறை. தீர்ப்புச் சொல்வது அந்த உறைதான். அழுகிய உடலில் கம்பி வடிவக் கிருமிகள் வேறு பலவும் இருக்கும்; உறையைப் பார்க்காமல் அடைப்பான் என்று எழுதக் கூடாது.

தவறு பெரும்பாலும் சாயத்தில்தான் நேர்கிறது. மெத்திலீன் நீலம் மாதக்கணக்கில் காற்றுப்பட்டு முதிர்ந்தால்தான் உறை சிவக்கும். புதிதாகக் கரைத்த சாயத்தில் கம்பி தெரியும், உறை தெரியாது. அடைப்பான் என்று ஏற்கெனவே உறுதியான பூச்சு ஒன்றை ஒப்பீட்டுக்குக் கூடவே சாயமேற்றுவது நல்லது. உடல் பழசாகிவிட்டால் உறையும் கரைந்துவிடும். அப்போது பூச்சை நம்பாமல், மூக்கின் கீழே ரத்தம் ஊறிய மண்ணை எடுத்துக் கிருமி வளர்ப்புக்கும் பிசிஆருக்கும் அனுப்ப வேண்டும்.

ஏப்ரல் 6

எரிப்பதே முதல் தேர்வு. விறகை உடலின் மேல் குவித்தால் தோல் கருகும், அடிப்பக்கம் வேகாமல் நிற்கும். கீழே பள்ளம் தோண்டி, காற்றோட்டம் விட்டு, தீ அடியிலிருந்து எழும்படி அடுக்க வேண்டும். ரத்தம் ஊறிய மண்ணும் தீக்குள் போக வேண்டும். எரிக்க வழியில்லாவிட்டால் 2 மீட்டர் ஆழக் குழி, நிலத்தடி நீர் மட்டத்துக்கு மேலேயே. சுண்ணாம்பு போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்: கால்சியம் ஸ்போர் நிலைத்திருக்க உதவக்கூடியது. குழியின் ஜிபிஎஸ் புள்ளி நிரந்தரப் பதிவேட்டில்.

ஏப்ரல் 8

சுற்றுப்புறக் கால்நடைகளுக்கு ஸ்டெர்ன் 34எஃப்2 என்ற அடைப்பான் தடுப்பூசி. இது உயிருள்ள தடுப்பூசி. அதே நாட்களில் பென்சிலின் போட்ட மாட்டுக்கு இதைச் செலுத்தினால், மருந்து தடுப்பூசியையே கொன்றுவிடும். ஏட்டில் தடுப்பூசி போட்டதாக இருக்கும், மாட்டுக்குப் பாதுகாப்பு இருக்காது.

ரஷ்யாவின் யமால் பகுதியில் 2007-இல் கலைமான்களுக்கு அடைப்பான் தடுப்பூசியை நிறுத்தினார்கள். 2016-இன் கடும் கோடையில் அடைப்பான் திரும்பி வந்து 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்கள் மடிந்தன, ஒரு சிறுவனும் இறந்தான். நோய் தென்படாத ஆண்டுகளில்தான் தடுப்பூசிக்காக அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 14

மலைச்சரிவில் காட்டாடுகள். கண்ணில் பீளை, மூக்கில் கெட்டிச் சளி, பின்னங்கால்களில் கழிச்சல். ஆட்டுக்கொல்லி நோய் (பிபிஆர்) என்ற சந்தேகம். 2016-17-இல் மங்கோலியாவில் வளர்ப்பு ஆடுகளிடமிருந்து சைகா மான்களுக்குத் தாவி, ஆயிரக்கணக்கில் கொன்றது இதே வைரஸ்.

இங்கே முறை தலைகீழ். அடைப்பானின் அடையாளம் எதுவும் இல்லை என்று பார்த்தபின், புதிதாகச் செத்ததைத் தயங்காமல் திறக்க வேண்டும். நுரையீரல், மண்ணீரல், குடல் நிணநீர் முடிச்சு: ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு. ஒன்று பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரியில், பிசிஆருக்கு. மற்றது 10 சதவீத பஃபர் ஃபார்மலினில், 1 செ.மீ.க்கு மேல் தடிமன் ஆகாது, திரவம் திசுவைப் போல் 10 மடங்கு. தடித்த துண்டு வெளியே பதப்பட்டு உள்ளே அழுகும். ஃபார்மலின் டப்பாவை உறையவைத்தாலும் திசு பாழ்.

உயிருள்ளவற்றில் கண், மூக்குத் துடைப்பு, சிரை ரத்தம். துரத்தல் நீண்டால் விலங்கின் தசையே சிதைந்து, விட்ட சில நாளில் சாகும். உடல்வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் தண்ணீர் ஊற்றி, மயக்கத்தை முறிக்கும் மருந்து கொடுத்து, மாதிரி கிடைக்காவிட்டாலும் விட்டுவிட வேண்டும். மயக்கத்தில் மார்பின் மேல் கிடத்தி, தலை உயர்ந்து மூக்கு கீழ்நோக்கி இருக்கட்டும். பக்கவாட்டில் கிடத்தினால் வயிறு ஊதும், இரைப்பை நீர் மூச்சுக்குழலில் இறங்கும்.

சீரத்துக்கான (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) குழாயை எடுத்த கையோடு பனிக்கட்டியில் வைக்காதீர்கள். நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து ரத்தம் கட்டியான பிறகே குளிர். குலுக்கினால் சிவந்துபோகும், சோதனை முடிவும் குழம்பும்.

ஏப்ரல் 22

துடைப்பு மாதிரிகளில் ஆட்டுக்கொல்லி வைரஸ் உறுதி. பக்கத்து மலையில், நோய்க்குறி இல்லாத மந்தையின் 30 சீரத்திலும் எதிர்ப்புப்பொருள் இல்லை. "நோய் அங்கே போகவில்லை" என்று எழுத இந்த எண் போதாது. 30-இலும் பூஜ்யம் என்றால், 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது, பரவல் 10 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது மட்டுமே. 5 சதவீதத்தைப் பிடிக்க 59 மாதிரி வேண்டும். சோதனை 100-க்கு 90-ஐத்தான் கண்டுபிடிக்கும் என்றால் 66. அதுவும் பாரபட்சமில்லாமல் தேர்ந்தெடுத்தால்தான். எளிதில் பிடிபடும் ஆடுகளை மட்டும் எடுத்தால் கணக்கு நிற்காது.

சீரத்தில் எதிர்ப்புப்பொருளைத் தேடும் எலிசா சோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வளர்ப்பு ஆட்டின் எதிர்ப்புப்பொருளுக்காகச் செய்த இரண்டாம் வினைப்பொருள் காட்டினத்தில் ஒட்டாமல் போகலாம்; பொய்யான பூஜ்யம் வரும். இனம் பாராத போட்டி எலிசாவையே கேட்டு வாங்க வேண்டும். மீதி சீரம் இரண்டு குழாய்களில், மைனஸ் 80 டிகிரியில். அடுத்த சுற்றுக்கு இன்னும் 36 ஆடுகள்.