மருதாணிச் சாயம்: மூன்று சட்டி, ஒரு ஏமாற்றம்

கையில் அப்படிச் சிவக்கிற மருதாணி துணியில் சிவக்காமலா போய்விடும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். சிவக்கவில்லை. துணியில் மருதாணி தருவது பழுப்பு, அதன் அக்கா தங்கை நிறங்கள், அவ்வளவுதான். சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சிட்டி வேரைத் தேடிப் போக வேண்டும்.

முதல் சட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைப் பருத்தித் துணியைச் சோப்புப் போட்டு அலசி, மருதாணிப் பொடியோடு கொதிக்க வைத்தேன். சட்டியில் பார்க்க அழகாக இருந்தது. முதல் அலசலிலேயே பாதி நிறம் தண்ணீரோடு போனது. மீதி, டீ சிந்திய கறை போல நின்றது. போதாததற்குத் துணி முழுக்கப் பொடி ஒட்டிப் புள்ளி புள்ளியாகிவிட்டது.

காரணத்தைப் பிறகுதான் படித்தேன். மருதாணி இலையில் நிறம் கொடுப்பது லாசோன் என்ற பொருள். அது புரதத்தோடு நன்றாகப் பிணையும். தோல், முடி, கம்பளி, பட்டு எல்லாம் புரதம். பருத்தியோ செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருள், அதில் லாசோனுக்குச் சரியான பிடி கிடைப்பதில்லை.

இரண்டாவது சட்டிக்குத் தராசை எடுத்தேன். காய்ந்த துணியின் எடைதான் கணக்கு. 100 கிராம் பருத்தியைச் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன். வெள்ளை வெளேரென்று இருந்த துணியிலிருந்து மஞ்சளாக அழுக்கு இறங்கியதைப் பார்த்ததும் முதல் தோல்வியில் பாதி விளங்கிவிட்டது. (பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது, மென்மையான சோப்பு போதும்.) அப்புறம் 20 கிராம் கடுக்காய்ப் பொடி கலந்த தண்ணீரில் ஒரு ராத்திரி, பிழிந்து 15 கிராம் படிகாரத் தண்ணீரில் இன்னொரு ராத்திரி. கடுக்காயின் துவர்ப்பு பருத்தியைப் பிடித்துக்கொள்ளும், படிகாரம் அதைப் பிடித்துக்கொள்ளும், சாயம் படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மருதாணிப் பொடி 100 கிராம். வேறு எதுவும் கலக்காத இலைப் பொடியா என்று பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். தலைமுடிக்கென்று வருகிறவற்றில் சிலதில் ரசாயனச் சாயமும் இருக்கும். இந்த முறை பொடியை மெல்லிய துணியில் மூட்டை கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். மறுநாள் ஒரு மணி நேரம் சூடு. கொதிக்க விடவில்லை, ஆவி பறந்தால் போதும். அடுப்பை அணைத்து, சட்டியிலேயே ஆற விட்டேன். படிகாரம் மட்டும் ஏற்றிய பட்டுத் துண்டு ஒன்றையும் கொஞ்சம் கம்பளி நூலையும் கூடவே போட்டிருந்தேன்.

கம்பளி நல்ல ஆரஞ்சுப் பழுப்பு. பட்டு பழைய பித்தளை மாதிரி. பருத்தி காய்ந்த இலை நிறம். ஒரே சட்டியில் வெந்தவை என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

மூன்றாவது சட்டியில்தான் நான் ஏமாந்தேன். இரும்பு சேர்த்தால் நிறம் இருளும் என்பதால் 2 கிராம் அன்னபேதியை (இரும்பு உப்பு) தண்ணீரில் கரைத்து, சாயம் ஏறிய பருத்தியில் ஒரு துண்டை முக்கினேன். சில நிமிடங்களில் கரிச்சாம்பல்! மருதாணியில் இப்படி ஒரு நிறமா என்று அன்று முழுக்க ஒரே பெருமை. ராத்திரி சந்தேகம் வந்தது. கடுக்காய் மட்டும் ஏற்றி, மருதாணியே படாத ஒரு துண்டை மறுநாள் அதே தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே கரிச்சாம்பல். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கருமை வரும், அந்தக் காலத்து எழுதும் மை அப்படித்தான் செய்தார்கள். நான் மருதாணிக்குக் கொடுத்த பெயர் கடுக்காய்க்குச் சேர வேண்டியது.

சரி என்று கடுக்காய் இல்லாமல், படிகாரம் மட்டும் ஏற்றி மருதாணியில் போட்ட துண்டை முக்கினேன். பாசி கலந்த பழுப்பு வந்தது. மருதாணியின் சொந்தக் கணக்கு அதுதான். எனக்கு அது கரிச்சாம்பலைவிடப் பிடித்துவிட்டது.

கம்பளி நூலை மட்டும் மறந்துபோய் அரை மணி நேரம் அன்னபேதியில் விட்டுவிட்டேன். தேங்காய் நார் மாதிரி சொரசொரத்துப் போனது. இரும்பு இழையை அரிக்கும். ஐந்து நிமிடம் தாராளம்.

வெயிலில் நிறம் வெளுக்கிறதா என்று பார்க்க, இப்போது சாயம் ஏறிய துண்டுகள் ஒவ்வொன்றிலும் பாதியை அட்டையால் மூடி வெயில் படும் ஜன்னலில் ஒட்டியிருக்கிறேன். பத்து நாள் ஆகிறது. பருத்தியில் அட்டையின் ஓரம் லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. பட்டில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை.