24 லிட்டர் டேங்க்குல 8 லிட்டர் தண்ணிதான்

பாலக்கோடு பக்கம் எங்க தோட்டத்து வீடு ஓட்டு வீடு, மேல டேங்க் வைக்க முடியாது, பக்கத்துல பத்தடி ஸ்டாண்டு போட்டு வெச்சாலும் 4 பிஎஸ்ஐ (தண்ணி பிரஷர் அளவு) சொச்சம்தான் கிடைக்கும், ஷவர் சளி புடிச்ச மூக்கு மாதிரி ஒழுகும். சரி, கிணத்துல கெடக்குற ஓபன்வெல் மோட்டருக்கே பிரஷர் டேங்க் (உள்ள அடைச்ச காத்து தண்ணிய குழாய்க்கு தள்ளும், பிரஷர் இறங்குனா மோட்டர் தானா ஆன், ஏறுனா ஆஃப்) மாட்டிடலாம்னு கடைக்கு போனா "ரெண்டு பாத்ரூம்தானே, 24 லிட்டர் தாராளம்"னாங்க. நானும் தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்துட்டேன்.

மூணே மாசம், மோட்டர் காயில் போச்சு.

காயில் கட்டுற அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார், "மோட்டரு எத்தன வாட்டி ஸ்டார்ட் ஆவுதுன்னு நின்னு பாத்தியா தம்பி?" பாக்கலையே. மோட்டர் திரும்பி வந்ததும் உக்காந்து பாத்தேன். அப்பா செடிக்கு ஓஸ் புடிச்சா 24 செகண்ட் ஓடுது, 24 செகண்ட் நிக்குது, மறுபடி ஓடுது. மணிக்கு 75 ஸ்டார்ட்! ஓடுறப்ப இழுக்குறத விட ஸ்டார்ட் ஆகுறப்ப பல மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த சூடு ஆறவே நேரம் இல்ல, பின்ன எரியாம என்ன பண்ணும்.

அப்புறம் ஒரு வேல பண்ணேன். மோட்டர் கட் ஆனதும் மெயின ஆஃப் பண்ணிட்டு, 40 பிஎஸ்ஐல இருந்து 20க்கு இறங்குற வரைக்கும் குழாய் தண்ணிய பக்கெட்ல புடிச்சேன். 8 லிட்டர், பக்கெட்டுல பாதி கூட இல்ல! மிச்ச எடம் காத்துக்குத்தான். +1ல படிச்ச பாயில் விதிதான் இது (பிரஷர் ஏற ஏற காத்து சுருங்கும்), அன்னிக்கு மார்க்குக்கு படிச்சது. 20-40 செட்டிங்ல (20ல மோட்டர் ஆன், 40ல ஆஃப்) டேங்க் அளவுல மூணுல ஒரு பங்குதான் தண்ணி கைக்கு வரும், 40-60 வெச்சா நாலுல ஒண்ணாயிடும். பிரஷர் ஏத்துனா நல்லாருக்கும்னு ஏத்துறவங்க இத கவனிங்க.

குழாய் எல்லாத்தையும் மூடிட்டு 20ல இருந்து 40க்கு ஏற 12 செகண்ட் ஆச்சு, அப்ப மோட்டர் நிமிசத்துக்கு 40 லிட்டர் தள்ளுது. (மோட்டர் லேபிள்ல இருக்குறது வேற நம்பர், அத நம்பாதீங்க, 40 பிஎஸ்ஐன்னா கிணத்து ஆழத்துக்கு மேல இன்னும் 90 அடி தூக்குற மாதிரி.) ஒரு தடவ ஸ்டார்ட் ஆனா ஒரு நிமிசமாச்சும் ஓடணும்னா கைக்கு வர்ற தண்ணி 40 லிட்டர் இருக்கணும், அதுக்கு மூணு மடங்கு, 120 லிட்டர் டேங்க். பாத்ரூம் எத்தனன்னு கேட்டு டேங்க் சைஸ் சொல்றது, மாட்டப் பாத்து வண்டி வாங்காம சந்தைக்கு போற தூரம் பாத்து வாங்குற மாதிரி.

150 லிட்டர் வாங்கி மாட்டினோம், இப்ப அதே ஓஸுக்கு ரெண்டர நிமிசம் ஓடி ரெண்டர நிமிசம் நிக்குது.

டேங்க்குக்குள்ள இருக்குற காத்து பிரஷர் பாக்க மறந்துடாதீங்க. தண்ணிய சுத்தமா வடிச்சிட்டு, ஆன் ஆகுற பிரஷருக்கு 2 பிஎஸ்ஐ கம்மியா, நமக்கு 18 இருக்கணும். வால்வு பைக் டயர் வால்வுதான், பஞ்சர் கடை கேஜே போதும்.

ஒண்ணு, இது தண்ணி சேத்து வெக்கிற டேங்க் இல்ல. சித்திரைல எங்க கிணறு அடி தட்டும், அப்ப எவ்ளோ பெரிய டேங்க் இருந்தாலும் மோட்டர் வெறும் காத்துலதான் ஓடும். அதுக்கு தண்ணி இல்லன்னா மோட்டர தானா நிறுத்துற டிரை ரன் கட் ஆஃப் மாட்டணும், அப்பா "போன காசு போதாதா"ங்கிறார்.